நானே நிரப்பிய விண்ணப்பம்

கல்லூரி முடிக்கும்வரை என் பெயரில் போன எந்த விண்ணப்பத்தையும் நான் எழுதியதில்லை. உதவித்தொகைப் படிவத்தைப் பள்ளி ஆசிரியர் எழுதுவார். விடுதிப் படிவத்தைக் கூடப் படிக்கிற நண்பன் எழுதுவான். வங்கியில் பணம் எடுக்கிற சீட்டை, வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிற யாராவது எழுதித் தருவார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள். தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்கள் கேள்வியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், நான் பதிலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "அப்பா என்ன வேலை தம்பி?" "வருஷ வருமானம் எவ்வளவு போடட்டும்?" "கண்ணு பிறவியிலேயே இப்படியா, நடுவுல வந்ததா?" தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் நடக்கிற இந்தப் பேச்சை அங்கே நிற்கிற அத்தனை பேரும் கேட்டார்கள். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைக்கிறாள் என்பதும், அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை என்பதும் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்தது இப்படித்தான். பார்வை இல்லாததைவிட, எனக்கென்று ஒரு ரகசியமும் இல்லாததுதான் அந்த வயதில் என்னை அதிகம் வருத்தியது.

வங்கியில் நிலைமை இன்னும் மோசம். தனிக் கணக்கு கேட்டால் கூட்டுக் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். செக் புத்தகம் கேட்டால் "உங்களுக்கு எதுக்குத் தம்பி?" என்றார்கள். பார்வையற்றவர்களுக்குச் செக் புத்தகம், ஏ.டி.எம். அட்டை உள்ளிட்ட எல்லா வசதிகளையும் மறுக்காமல் தர வேண்டும் என்று 2008 ஜூனில் ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் பல கிளைகளில் அந்தச் சுற்றறிக்கையை நாங்கள்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

இந்த நிலையிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு விசைப்பலகை.

பட்டப்படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் கணினி கற்கச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த சாருக்கும் பார்வை கிடையாது. முதல் நாள் என் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பிடித்து எஃப், ஜே எழுத்துகளின் மேல் வைத்தார். அந்த இரண்டு விசைகளிலும் சின்ன மேடு இருக்கும். வலப்பக்க எண்தளத்தில் 5-இன் மேலும் அப்படி ஒன்று உண்டு. "இந்த மூணு புள்ளியும் தெரிஞ்சா மிச்சம் எல்லாம் அளந்து போயிடலாம்" என்றார். பிறகு இடப்பக்கக் கீழ் மூலையில் கன்ட்ரோல் விசையைத் தொடச் சொன்னார். "கம்ப்யூட்டர் பேசறதை நிறுத்தறது இது. முதல்ல இதைப் படிச்சுக்கோங்க. எப்ப பேசணும், எப்ப பேசக்கூடாதுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்." அடுத்து இன்சர்ட் விசையோடு 1. அதை அழுத்திவிட்டால் எந்த விசையைத் தட்டினாலும் அதன் பெயரையும் வேலையையும் மட்டும் சொல்லும், எதையும் செய்யாது. பயமில்லாமல் விசைப்பலகை முழுவதையும் துழாவிப் பார்க்க அது ஒரு பெரிய வசதி.

எங்கள் மையத்தில் இருந்தது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஜாஸ் என்கிற திரைவாசிப்பான். டெட் ஹென்டர் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் 1978-இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு கணினி நிரல் எழுதக் கற்று, கூட்டாளி ஒருவரோடு நிறுவனம் தொடங்கி, 1989-இல் டாஸ் கணினிகளுக்காக இதை வெளியிட்டார். விண்டோஸுக்கான பதிப்பு தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. எங்களுக்கு உலகத்தைத் திறந்துவிட்ட மென்பொருள் அது. ஆனால் அதன் விலை எங்களில் யாராலும் எட்ட முடியாதது. காசு கொடுக்காமல் பயன்படுத்தினால் 40 நிமிடம் மட்டும் பேசும். அதற்குப் பிறகு கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். வீட்டில் பழகியவர்கள் எல்லோரும் அந்த 40 நிமிடத்துக்குள் வேலையை முடிக்கக் கற்றுக்கொண்டோம். நீண்ட விண்ணப்பம் என்றால் விவரங்களை எல்லாம் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட்டு உட்காருவோம்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் இந்த விலையை ஏற்கவில்லை. பார்வையுள்ளவர் கணினி வாங்கினால் திரையும் சேர்ந்தே வருகிறது, பார்வையற்றவர் மட்டும் ஏன் கணினியின் விலைக்கு மேலே இன்னொரு பெருந்தொகை கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே எழுகிற கேள்வி. அவர் 2006-இல் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் ஓர் இசை முகாமில் அறிமுகமான, தன்னைப் போலவே பார்வையில்லாத ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். அந்த மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம், எந்த விண்டோஸ் கணினியிலும் செருகி இயக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனி எங்கே போனாலும் என் கணினி என் சட்டைப்பையில் இருக்கும் என்று தோன்றியது.

திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் படிவத்தின் கதையைச் சொல்ல முடியாது. ஓர் இணையப் பக்கம் திறந்ததும் அது அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமான உரையாக மாற்றித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அம்புக்குறியை அழுத்த அழுத்த அந்த உரை வரிவரியாக ஒலிக்கும். இந்த நிலையில் எழுத்து விசைகள் எழுத்தாக விழுவதில்லை, கட்டளையாகின்றன. என்.வி.டி.ஏ.வில் ஹெச் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும். எஃப் தட்டினால் படிவத்தின் அடுத்த உறுப்பு, இ என்றால் எழுதும் கட்டம், சி என்றால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸ், எக்ஸ் என்றால் செக் பாக்ஸ், ஆர் என்றால் ரேடியோ பட்டன், பி என்றால் பொத்தான். ஷிப்டையும் சேர்த்துத் தட்டினால் பின்னோக்கி வரும். இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகளையும் தலைப்புகளையும் படிவ உறுப்புகளையும் பட்டியல் போட்டுத் தரும். கண் உள்ளவர் ஒரு பார்வையில் பக்கத்தை அளப்பதை நாங்கள் இந்த ஒற்றை எழுத்துகளால் அளக்கிறோம்.

எழுதும் கட்டத்துக்குள் நுழைந்ததும் இது மாற வேண்டும். அங்கே எழுத்து எழுத்தாகவே விழ வேண்டும். என்டர் அழுத்தினால் ஒரு சின்ன ஒலி கேட்கும். இனி தட்டுவது கட்டத்துக்குள் போகும் என்று அர்த்தம். எஸ்கேப் அழுத்தினால் வேறோர் ஒலி. பழையபடி வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். இந்த மாற்றம் நடக்காமல் பெயரைத் தட்டினால் ஒவ்வோர் எழுத்தும் நம்மைப் பக்கத்தின் ஒவ்வொரு மூலைக்குத் தூக்கிக்கொண்டு போகும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். அந்த இரண்டு ஒலிகளும் காதில் படிந்துவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சார் சொல்லிக்கொடுத்தார். படிவத்துக்குள் நுழைந்த உடனே டேப் அழுத்தி நிரப்ப ஆரம்பிக்கக் கூடாது. டேப் விசை எழுதும் கட்டம், பொத்தான், இணைப்பு என்று செயல்படுகிற இடங்களில் மட்டும் நிற்கும். நடுவே இருக்கும் வெறும் வாக்கியங்களைத் தாண்டிவிடும். "சான்றிதழில் உள்ளபடி பெயரை எழுதவும்", "கடவுச்சொல்லில் ஓர் எண் கட்டாயம்" என்பவை அப்படித்தான் காதுக்கு எட்டாமல் போகும். "ஊரைச் சுத்திப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழையணும்" என்பார் சார். முதலில் அம்புக்குறியால் முழுப் படிவத்தையும் கேட்டுவிட்டு, பிறகு மேலே வந்து நிரப்பத் தொடங்குவதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். என் மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நானே நிரப்பிய முதல் விண்ணப்பம் ஒரு வேலைத் தேர்வுக்கானது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பென் டிரைவைச் செருகி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நான் அடிச்சுத் தாரேன், நீங்க சொல்லுங்க" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி, முடியலைன்னா கூப்பிடுதேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

எஃப் தட்டினேன். பெயர் என்று சொன்னது. தட்டினேன். அடுத்து அப்பா பெயர். பிறந்த தேதிக்கு மூன்று பட்டியல்கள். பாலினத்துக்கு ரேடியோ பட்டன், அதற்குள் அம்புக்குறியால் நகர்ந்தேன். மாவட்டம் என்ற பட்டியலில் ஆல்ட்டோடு கீழ் அம்புக்குறி அழுத்தித் திறந்து, ஊரின் முதல் எழுத்துகளை வேகமாகத் தட்டினேன். திருநெல்வேலி என்று சொன்னது. பிறகு குடும்பத்தின் ஆண்டு வருமானம். அந்தக் கட்டம் வந்தபோது சற்று நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் நான் சொல்லவில்லை. எண்களைத் தட்டினேன். ஒவ்வோர் எண்ணையும் என் காதுக்கு மட்டும் அது திருப்பிச் சொன்னது. என் வீட்டின் வறுமையை நான் ஒரு தாழ்வாரத்துக்கு அறிவிக்காமல் எழுதிய முதல் தடவை அது. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் விண்ணப்ப எண்ணைச் சொன்னது. அண்ணாச்சியிடம் அச்செடுத்துத் தரச் சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் பிற்பாடு வேலை கிடைத்த நாளில்கூட எனக்கு வரவில்லை.

அந்தப் படிவம் எனக்கு வசப்பட்டதற்குக் காரணம் என் திறமை மட்டுமல்ல. அதை எழுதிய யாரோ ஒரு நிரலாளர் ஒவ்வொரு கட்டத்துக்கும் முறையாகப் பெயர் கொடுத்திருந்தார். கட்டத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற "பெயர்" என்ற எழுத்து திரைவாசிப்பானுக்குப் போதாது. இந்த எழுத்து இந்தக் கட்டத்துக்கு உரியது என்று நிரலிலும் இணைத்திருக்க வேண்டும். அதற்கான லேபிள் என்ற குறி 1997-இல் வந்த ஹெச்.டி.எம்.எல். 4.0-இலேயே இருக்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்ட முதல் அணுகல் வழிகாட்டியிலும் இது சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். கூடுதல் செலவு இல்லை, பக்கத்தின் அழகு கெடுவதில்லை.

அந்த ஒரு வரி இல்லாத படிவங்களில் நான் கழித்த மாலைகள் ஏராளம். எஃப் தட்டினால் "எடிட்" என்று மட்டும் வரும். மறுபடி தட்டினால் மறுபடியும் "எடிட்". எது பெயர், எது முகவரி, எது வங்கிக் கணக்கு எண் என்று எதுவும் தெரியாது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி என்று அம்புக்குறியால் நகர்ந்து அக்கம்பக்கத்து எழுத்தைக் கேட்டு அனுமானிக்க வேண்டும். அனுமானத்தில் வங்கிக் கணக்கு எண்ணை எழுத யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

தடைகள் இன்னும் பல உண்டு. மாவட்டப் பட்டியலில் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தியதும், அகர வரிசையில் முதலில் நிற்கும் அரியலூரைத் தேர்ந்தெடுத்ததாக எடுத்துக்கொண்டு பக்கமே புதிதாகத் திறந்து, நம்மை உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் படிவங்கள் உண்டு. மவுஸால் சொடுக்கினால் மட்டும் திறக்கும் நாள்காட்டிகள் உண்டு. அவற்றில் என் பிறந்த தேதியை நான் எழுத முடியாது. "சிவப்பில் உள்ளவற்றைச் சரிசெய்யவும்" என்று மட்டும் சொல்லி, எந்தக் கட்டம் என்று சொல்லாத பிழைச் செய்திகள் உண்டு. கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் படத்தில் காட்டி, மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்சா உண்டு. ஒலி வடிவம் இல்லாத கேப்சாவுக்கு முன்னால் நான் மனிதன் என்று நிரூபிக்க எனக்கு வழியே இல்லை. இதற்கிடையே நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, எழுதியதெல்லாம் அழிந்து போவதும் உண்டு.

இவற்றில் சிலவற்றைக் கடக்க வழிகள் கற்றோம். டேப் எட்டாத பொத்தானை என்.வி.டி.ஏ.வின் பொருள் நகர்வு வழியாக, இன்சர்ட்டை அழுத்திக்கொண்டு எண்தளத்தின் 4, 6, 8, 2 விசைகளால் தேடிப் பிடிக்கலாம். இன்சர்ட்டோடு எண்தளத்தின் வகுத்தல் குறியை அழுத்தினால் மவுஸ் முனை அங்கே வந்துவிடும். வகுத்தல் குறியை மட்டும் ஒரு தடவை அழுத்தினால் சொடுக்கியதாகும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் இன்சர்ட்டும் டேப்பும். இப்படிப் பல உபாயங்களை நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஒருவர் நிரப்பி முடித்த படிவத்தின் வழியை மற்றவர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள்: "ரெண்டாவது தலைப்புக்கு அப்புறம் நாலாவது எடிட்தான் ஆதார் எண்." ஆனால் எந்த உபாயமும் பலிக்காத இடத்தில் யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் அந்த ஒருவர் என் சம்பளத்தையும் கடவுச்சொல்லையும் நோயின் பெயரையும் படிக்கிறார். லேபிள் இல்லாத ஒரு கட்டம் என்னைத் திரும்பவும் அந்தத் தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

தமிழில் படிவம் வந்தால் இன்னொரு சோதனை இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்ப் பக்கங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கும். எழுத்தெழுத்தாக நகர்ந்தால் என் காதில் விழுவது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று பலருக்குத் தெரியாது. என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். அதன் உச்சரிப்பு கரடுமுரடானதுதான். ஆனாலும் ஒரு தமிழ்ப் படிவம் முதன்முதலாக என்னிடம் "தாயார் பெயர்" என்று தமிழிலேயே கேட்டபோது, அந்தக் கரடுமுரடான குரல் எனக்கு மிக நெருக்கமானதாக இருந்தது. தமிழ் 99 விசைப்பலகையில் அம்மாவின் பெயரை அடித்தேன்.

இன்று நான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில் பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். எங்கள் தெருவில் இணைய விண்ணப்பம் போட வேண்டும் என்றால் பலர் என்னிடம்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் போன வருடம் நான்தான் நிரப்பினேன். வருமானக் கட்டம் வந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினார். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "நீங்களே அடிங்க அக்கா" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பமும் எங்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அளித்த தீர்ப்பில், இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. வாடிக்கையாளரை அடையாளம் காணும் இணையவழி நடைமுறைகளை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றப் பல உத்தரவுகளையும் பிறப்பித்தது. அந்த வழக்குகளைத் தொடுத்தவர்களில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் உண்டு. தீர்ப்பு வந்துவிட்டது. அதைப் படிவத்தில் கொண்டுவர வேண்டியவர்கள் நிரல் எழுதுகிறவர்களும் அதற்கு ஒப்புதல் தருகிற அதிகாரிகளும்தான்.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் உருவாக்கிய படிவத்தை வெளியிடுவதற்கு முன் மவுஸை எடுத்து ஓரமாக வையுங்கள். டேப், ஸ்பேஸ், என்டர், அம்புக்குறிகள் இவற்றை மட்டும் கொண்டு முதல் கட்டத்திலிருந்து சமர்ப்பிக்கும் பொத்தான்வரை போய்ப் பாருங்கள். பிறகு என்.வி.டி.ஏ.வை இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். திரையை அணைத்துவிட்டு அதே படிவத்தைக் காதால் நிரப்புங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு இன்னொருவர் உதவி தேவைப்படுகிறதோ அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு லேபிள் கொடுங்கள். எங்கள் வீட்டு விவரங்களை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.